பில்லில் வராத கொத்து

எல்லாப் பொருளுக்கும் விலை வந்து முடிந்திருந்த காலத்தில், கடைசியாகக் கறிவேப்பிலைக்கும் வந்தது.

திருச்சியில் பஸ் டெப்போவுக்கு எதிரே ‘நாளும் மலிவு’ என்று ஒரு சூப்பர் மார்க்கெட். பருப்பிலிருந்து பக்கெட் வரை எல்லாமே வெளியே விற்பதைவிட அங்கே குறைவு. அந்தக் கடையின் பின்பக்க அறையில், ஒரு காலை நேரம், ஈரக் கோணியிலிருந்து ஒரு கறிவேப்பிலைக் கொத்தை எடுத்தார்கள். கூடவே மெலிந்த கொத்துகள் நாலைந்தைச் சேர்த்து ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு வாயை ஒட்டினார்கள். மேலே ஒரு வெள்ளை ஸ்டிக்கரை வைத்து அழுத்தினார்கள். அதில் பெயர் இருந்தது, எடை இருந்தது, கறுப்புக் கோடுகள் இருந்தன, விலையும் இருந்தது.

கொத்துக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

சிலிர்க்காதா பின்னே! அதன் வம்சம் வாங்கிய பேச்சு அப்படி. கறிவேப்பிலைக்கு ஒரு குணம் உண்டு. விதையிலிருந்து முளைப்பதைவிடத் தாயின் வேரிலிருந்தே கன்று கிளம்புவது அதிகம். அதனால் தாய்க்குத் தெரிந்ததெல்லாம் கன்றுக்கும் தெரியும். தாய் பட்டதெல்லாம் கன்றுக்கும் வலிக்கும். இந்தக் கொத்து துளிர்த்தது சமீபத்தில்தான் என்றாலும், காந்தி மார்க்கெட்டின் பழைய நாட்கள் முழுவதும் அதன் காம்புக்குள் இருந்தன.

அங்கே பொம்மியக்கா என்ற காய்கறிக்காரியின் சாக்குவிரிப்பில் அதன் முன்னோர் ஓர் ஓரமாகக் கிடந்தார்கள். நடுவில் குவிந்து கிடந்த கத்தரிக்காய் அவர்களைச் சீண்டும்.

“நான் கிலோக் கணக்குல போறேன். முருங்கைக்காய எண்ணிக் குடுக்குறாங்க. நீ என்னடா கணக்கு?”

“நான் கொசுறு.”

“அப்படின்னா?”

“எல்லாம் வாங்கி முடிச்சப்புறம் கடைசியில சும்மா குடுக்கறது.”

“ஓசின்னு சொல்லேன்!”

விரிப்பு முழுவதும் சிரிக்கும். உரிக்காத வெங்காயம்கூடச் சிரிக்கும்.

வீட்டுக்குப் போனாலும் மரியாதை கிடையாது. சாம்பாரில் வாசத்தை எல்லாம் கொடுத்துவிட்டுத் தட்டின் ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்க வேண்டும். அதோடு போனாலும் பரவாயில்லை. அண்ணன் தம்பிக்குள் சொத்துத் தகராறு வந்தால், “என்னைக் கருவேப்பிலை மாதிரி தூக்கிப் போட்டுட்டீங்களே” என்று ஒருவன் கத்துவான். அவர்கள் சண்டையில் தன் பெயரை எதற்கு இழுக்கிறார்கள் என்று கொத்துக்குப் புரிந்ததே இல்லை.

அப்படிப்பட்ட கொத்துக்குத்தான் இப்போது ஸ்டிக்கர்.

“நீ யாரு?” என்று ஸ்டிக்கர் கேட்டது. அதன் குரலில் அதிகாரம் இருந்தது.

“கறிவேப்பிலைங்க சார்.”

“அது நேத்தைக்கு. இன்னையிலேருந்து என் மேல என்ன எழுதியிருக்கோ அதுதான் நீ.”

“சரிங்க சார். அப்போ என்னை இனிமே யாரும் ஓசின்னு சொல்ல மாட்டாங்களா?”

“சொல்லுவாங்களா? உன்னைச் சும்மா தூக்கி யாருக்கும் குடுக்கவே முடியாது. மேல பாரு, கேமரா!”

கொத்து மேலே பார்த்தது. அங்கே ஒரு கறுப்புக் கண் அசையாமல் இருந்தது. தன்னை இப்படி ஒருவர் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டதே இல்லை என்று அதற்கு நெஞ்சு நிறைந்துபோனது.

காய்கறித் தட்டில் கேரட்டுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. மேலிருந்து குளிர்ந்த காற்று வந்தது. விளக்கு வெளிச்சத்தில் எல்லோருமே கொஞ்சம் அழகாகத் தெரிந்தார்கள்.

“அண்ணே, நானும் இப்போ விலைக்குத்தான்” என்று கொத்து கேரட்டிடம் சொன்னது.

“நல்லது தம்பி” என்றது கேரட். அதற்கு ஊட்டியை விட்டு வந்த ஏக்கம். யாரோடும் அதிகம் பேசாது.

கடை திறந்தது. ஒரு பெண் வந்தாள். கவரைக் கையில் எடுத்தாள். கொத்து நிமிர்ந்து நின்றது. அவள் ஸ்டிக்கரைப் படித்தாள்.

“ஆத்தாடி! கருவேப்பிலைக்கு பத்து ரூபாயா!”

கை சுட்டதுபோல் கவரைத் திரும்ப வைத்துவிட்டுப் போனாள்.

அடுத்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள்.

“கருவேப்பிலை தீந்து போச்சுன்னியே, எடுத்துக்கவா?” என்றான் அவன்.

“வேணாங்க. மாடி வீட்ல மரம் இருக்கு. கேட்டா ஒடிச்சிக் குடுக்கப் போறாங்க.”

“போன தடவை கேட்டப்ப மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டாங்கன்னு சொன்ன?”

“அதுக்காக? கருவேப்பிலையைப் போயி விலை குடுத்து வாங்கறதா? வெளிய சொன்னா சிரிப்பாங்க.”

இப்படியே வந்தவர்கள் எல்லோரும். கையில் எடுத்தவர்களும் படித்தார்களே தவிர முகரவில்லை. மூடிய கவருக்குள் முகர என்ன இருக்கிறது? மார்க்கெட்டில் ஒருவரும் அதைப் படித்ததில்லை. ஓர் இலையைக் கிள்ளி விரலில் கசக்கி மூக்குக்குக் கொண்டுபோவார்கள், அவ்வளவுதான்.

மதியம் கூட்டம் குறைந்தபோது கொத்து தனக்குள் யோசித்துப் பார்த்தது. ஓசி என்றார்கள், தட்டில் ஒதுக்கினார்கள், சண்டையில் பெயரை இழுத்தார்கள். எல்லாம் உண்மை. ஆனால் விலை இல்லாமல் இருந்த அத்தனை காலத்தில் ஒருவர்கூட அதை வேண்டாம் என்று சொன்னதில்லை. வேண்டாம் என்ற சொல்லையே அது இந்தக் கடைக்கு வந்துதான் கேட்டது.

“சார், ஏன் சார் எல்லாரும் வச்சுட்டுப் போறாங்க?” என்று ஸ்டிக்கரைக் கேட்டது.

“வாங்கறவன் வாங்குவான். நீ விறைப்பா இரு” என்றது ஸ்டிக்கர்.

விறைப்பாக இருந்து பார்த்தது. ஆனால் உடம்பு ஒத்துழைக்க வேண்டுமே. நாளாக ஆக அதன் மூச்சே கவருக்குள் வேர்வையாகப் படிந்தது. இலைகளின் ஓரம் கறுக்கத் தொடங்கியது. ஒரு காலையில் கடைக்காரப் பெண் ஒருத்தி வந்து பழைய ஸ்டிக்கரின் மேல் சிவப்பாக இன்னொரு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போனாள்.

“யாருடா நீ என் தலைமேல ஏறி உக்காந்திருக்கே?” என்று பழைய ஸ்டிக்கர் சீறியது.

“நான் பாதி விலை” என்றது புதியது.

“பாதின்னா?”

“இத்தனை நாளு நீ பேசினதுல பாதிதான் இனிமே செல்லும்னு அர்த்தம். கத்தாதே, கீழ கெட.”

கொத்துக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்கும் நிலையில் அது இல்லை. “சிவப்பு ஸ்டிக்கர் எதுக்கு அண்ணே?” என்று கேரட்டைக் கேட்டது.

கேரட் மூலையில் இருந்த பச்சைக் கூடையைப் பார்த்தது. பிறகு, “அது ஒட்டினா அன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும்தான் தம்பி. அதுக்குள்ள யாரும் எடுக்கலைன்னா அந்தப் பச்சைக் கூடை. பின்வாசல்ல குப்பை வண்டி வரும்” என்றது.

தட்டோரத்தில் ஒதுங்கிக் கிடப்பதை எண்ணி அழுத வம்சம் கொத்தினுடையது. ஆனால் தட்டுக்குப் போனால்தானே ஓரம்? கடுகு வெடிக்கும் எண்ணெயில் ஒரு தடவையாவது விழ வேண்டும். சடசடவென்று ஒரு வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்திவிட வேண்டும். அதற்காகத்தானே பிறந்தது? அது நடக்காமல் குப்பை வண்டியில் போவதற்கா இந்த விலையும் வெளிச்சமும்?

அன்று பிற்பகல், போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு ஒருவர் வந்தார். “சரிம்மா… சரி… எடுத்துட்டேன்… கருவேப்பிலையும்தானே? எடுத்துட்டேன்மா” என்று சொல்லிக்கொண்டே பார்க்காமல் கொத்தின் கவரை எடுத்துத் தள்ளுவண்டியில் போட்டார்.

“அண்ணே, போயிட்டு வரேன்!” என்று கொத்து கூவியது.

“போ தம்பி. திரும்பி மட்டும் வராதே” என்றது கேரட்.

பில் போடும் இடத்தில் சகாயராணி உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதிருக்கும். நெற்றியில் விழும் முடியை மணிக்கட்டால் ஒதுக்கிக்கொண்டே வேலை பார்ப்பாள். ஒவ்வொரு பொருளாக எடுத்து, சிவப்பு ஒளி அடிக்கும் ஸ்கேனரிடம் காட்டுவாள். அது ‘பீப்’ என்று தலையாட்டும்.

கொத்தின் முறை வந்தது. ஸ்கேனர் பேசவில்லை.

“நான்தான்! என்னைத் தெரியலையா?” என்றது பழைய ஸ்டிக்கர் கீழே அழுந்திக் கிடந்தபடி.

“நான்தான்!” என்றது புதியதும்.

“ரெண்டு பேருமே ஈரமா இருக்கீங்க. ஒருத்தரையும் தெரியலை” என்றது ஸ்கேனர்.

சகாயராணி சிவப்பு ஸ்டிக்கரைக் கொஞ்சம் உரித்துப் பார்த்தாள். அதோடு கவரும் சிறிது கிழிந்தது. “நம்பர் அடிச்சுத்தான் போடணும் சார். ஒரு நிமிஷம் இருங்க.”

“வேணாம்மா, விட்டுடுங்க. வெளிய பஸ்ஸு நிக்குது.”

“வீட்ல கேட்டாங்களே சார்?”

“இல்லைன்னு சொல்லிக்கறேன். அவங்க என்ன நேர்ல வந்தா பாக்கப் போறாங்க!”

அவ்வளவுதான். கவர் அவள் காலடியில் இருந்த ஒரு கூடைக்குள் விழுந்தது. பில் போட வந்த பிறகு வேண்டாம் என்று விட்டவை சேரும் கூடை. சாயங்காலம் அதைப் பிரிப்பார்கள். கெடாதவை திரும்ப அலமாரிக்குப் போகும். காய், கீரை எல்லாம் பச்சைக் கூடைக்குப் போகும்.

“வா மச்சான், வா. உன்னையும் விட்டுட்டானா?” என்று ஒரு குரல் கேட்டது.

டீத்தூள் பாக்கெட்டின் முதுகில் டேப் போட்டு ஒட்டியிருந்த ஒரு பிளாஸ்டிக் கிண்ணம் அது. அதன் வயிற்றில் ‘இலவசம்’ என்று எழுதியிருந்தது.

“விட்டுட்டார்” என்றது கொத்து.

“கவலைப்படாதே. என்னை இது மூணாவது தடவை. நான் இலவசம். நீ?”

“இப்போ பாதி விலை. ஒரு காலத்துல நானும் சும்மா போனவன்தான். கொசுறுன்னு சொல்வாங்க.”

“அடடே! அப்போ நீயும் நானும் சொந்தம்!”

கொத்து அந்தக் கிண்ணத்தைப் பார்த்தது. சொந்தம் என்றால் ஏதாவது சாயல் இருக்க வேண்டுமே என்று தேடியது.

“உன்னை யாரு குடுத்தாங்க?” என்று கேட்டது.

“குடுத்தாங்களா? யாரும் குடுக்கல. டேப் போட்டு ஒட்டினாங்க.”

“யாராச்சும் கேட்டாங்களா?”

“என்னையா? கேக்காமலே தலையில கட்டறதுக்குப் பேருதான் இலவசம்.”

“உனக்காக யாரும் சண்டை போட்டதில்லையா?”

கிண்ணம் விழுந்து விழுந்து சிரித்தது. “என்னய்யா ஆளு நீ! எனக்காக யாரு சண்டை போடுவா? கிட்ட வா, ஒரு ரகசியம் சொல்றேன். வெளிய சொல்லிடாதே. என் விலையையும் சேத்துத்தான் டீத்தூள் மேல போட்டிருக்காங்க. நான் இலவசமே கிடையாது.”

கொத்துக்கு அப்போதுதான் பொம்மியக்காவின் விரிப்பு தெளிவாக நினைவுக்கு வந்தது. இத்தனை நாளும் கத்தரிக்காயின் சிரிப்புச் சத்தத்தில் அது அமுங்கிக் கிடந்திருக்கிறது.

“எங்க பொம்மியக்கா இருந்தாங்க” என்று கொத்து சொல்லத் தொடங்கியது. “காய் எல்லாம் வாங்கிட்டு ஒரு அம்மா நகராம நிக்கும். ‘என்ன நிக்கறே?’ன்னு பொம்மியக்கா கேக்கும். ‘நீ போடறதப் போடு’ன்னு அந்தம்மா சொல்லும். ‘கால் கிலோ அவரைக்காய வாங்கிட்டு ஒரு தோட்டத்தையே கேப்ப போலிருக்கே’ன்னு பொம்மியக்கா கத்தும். ‘நீ குடுக்காட்டி யாரு குடுப்பா?’ ‘எம் மாமியாக்காரிகிட்டக் கேளு. அவதான் தாராளம்!’ இப்படி ரெண்டு பேரும் கத்திக்கிட்டே இருப்பாங்க. அதுக்குள்ள சின்னவளுக்குக் காய்ச்சல் விட்டுதா, வீட்டுக்காரர் வேலைக்குப் போறாரா, எல்லாம் கேட்டு முடிச்சிருப்பாங்க. கேட்டு முடிக்கற எடத்துல ஈரக்கையால எங்கள அள்ளிப் பைக்குள்ள எறிவாங்க.”

“எறிவாங்களா?”

“ஆமா. எறியத்தான் செய்வாங்க. எண்ண மாட்டாங்க, நிறுக்க மாட்டாங்க. கையில வந்தது வந்ததுதான்.”

கிண்ணம் சிரிக்கவில்லை. அதற்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

“அவ்வளவு நல்லா இருந்துச்சுன்னா எதுக்கு விலை வந்தப்ப சந்தோஷப்பட்ட?” என்று கேட்டது.

அந்தக் கேள்வியைத் தானே தன்னிடம் முன்பே கேட்டிருக்க வேண்டும் என்று கொத்துக்குத் தோன்றியது. “தெரியல” என்றது. “கத்தரிக்காய் சொன்னத நம்பிட்டேன். பொம்மியக்கா கையை நம்பியிருக்கணும்.”

அந்த நேரத்தில்தான் தெய்வானை பில் போட வந்தாள்.

ஐம்பது தாண்டிய பெண். பல வருஷம் மார்க்கெட்டுக்குப் பக்கத்துச் சந்தில் குடியிருந்தவள். மகன் டெப்போவுக்குப் பின்னால் வீடு வாங்கியதால் சில மாதங்களுக்கு முன் இந்தப் பக்கம் வந்திருந்தாள். இந்தக் கடையில் அவளுக்குக் குறை ஒன்றும் இல்லை. விலை குறைவு, பொருள் சுத்தம், பேரம் பேச வேண்டியதில்லை. யாரோடும் ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டியதில்லை. முதலில் அது வசதியாகத்தான் இருந்தது.

துவரம்பருப்பு போனது, புளி போனது, எண்ணெய் போனது. பீப், பீப், பீப். தெய்வானை பணம் கொடுத்தாள். மீதியையும் பில்லையும் வாங்கினாள். சாமான்களை எல்லாம் துணிப்பையில் அடுக்கினாள். பிறகு பையின் இரண்டு காதுகளையும் இரண்டு கையால் பிடித்து, வாயை அகலமாக விரித்து, சகாயராணியின் முன்னால் நீட்டியபடி நின்றாள்.

“முடிஞ்சுதுக்கா” என்றாள் சகாயராணி.

தெய்வானை நின்றுகொண்டே இருந்தாள்.

“அக்கா? பில்லுதான் குடுத்துட்டேனே?”

பின்னால் பால் பாக்கெட்டுகளோடு நின்றவருக்குப் பொறுமை போய்விட்டது. “ஏம்மா, தொறந்த பையோட நின்னா என்ன அர்த்தம்? நகருங்கம்மா. இந்தப் பால் இங்கயே திரிஞ்சுடும்.”

தெய்வானை திடுக்கிட்டுக் கீழே பார்த்தாள். விரிந்து கிடந்த பையையும் தன் கைகளையும் பார்த்தாள். அவள் முகம் சிவந்தது.

“ஐயய்யே… ஒண்ணுமில்ல பாப்பா. கை பழக்கம்.”

“என்ன பழக்கம்க்கா?”

“மார்க்கெட்ல காசக் குடுத்தப்புறம் இப்படித்தான் நிப்பேன். கொசுறு போடுவாங்கல்ல… இது கம்ப்யூட்டர் கடைன்னே மறந்து போச்சு. நீ ஒண்ணும் நெனச்சுக்காத.”

வரிசையில் சிரிப்பு எழுந்தது. “கம்ப்யூட்டர்கிட்டக் கொசுறு கேட்ட மொத ஆளு நீங்கதாம்மா” என்றார் பால்காரர்.

தெய்வானையும் சிரித்தாள். ஆனால் பையின் வாயை மூடியபோது அவள் விரல்கள் அவசரப்பட்டன. தெருவில் யாரையோ தெரிந்தவர் என்று கூப்பிட்டு, அவர் வேறு யாரோவாகத் திரும்பியதைப் போல.

கூடைக்குள் கொத்து ஆடிப்போனது. கொசுறு! எத்தனை நாள் ஆயிற்று அந்தச் சொல்லைக் கேட்டு! அவள் தன்னைத்தான் கேட்கிறாள். இத்தனை பொருள் குவிந்து கிடக்கும் கடையில் அவள் கை விரிந்தது தனக்காக.

“இங்க இருக்கேன்!” என்று கத்தியது.

“வாயை மூடு. உனக்கு விலை இருக்கு. மானத்தைக் காப்பாத்து” என்றது பழைய ஸ்டிக்கர்.

“இங்க பாருங்க! இந்தக் கூடையில!” என்று கிண்ணமும் சேர்ந்து கத்தியது.

மனிதர்களுக்குப் பொருள்களின் பேச்சு கேட்பதில்லை. கொத்துக்கு அது தெரியும். ஆனால் அதனிடம் வேறொன்று இருந்தது. கவர் கிழிந்திருந்த இடத்தில் அது தன் இலைகளை வைத்து அழுத்தியது. கறுத்துப்போன ஓரங்களிலிருந்தும், காய்ந்துகொண்டிருந்த காம்பிலிருந்தும், எண்ணெய்க்காகச் சேர்த்து வைத்திருந்த வாசம் முழுவதையும் திரட்டி அந்தக் கிழிசல் வழியே வெளியே விட்டது. விட்ட பிறகு மயக்கம் வந்தது.

பால் பாக்கெட்டுக்குக் கை நீட்டிய சகாயராணி அப்படியே நின்றாள். மூக்கைச் சுளித்து மோப்பம் பிடித்தாள். குனிந்து பார்த்தாள். கவரை எடுத்தாள்.

“அக்கா, இருங்க. போயிடாதீங்க.”

அவள் கணினியில் கறிவேப்பிலையின் நம்பரை விரலால் அடித்தாள். தன் பர்ஸைத் திறந்து காசை எடுத்துக் கல்லாவில் போட்டாள். மெஷினில் வந்த பில்லைக் கிழித்தெடுத்துப் பர்ஸுக்குள் வைத்துக்கொண்டாள்.

“என்னம்மா, உங்க வீட்டுச் சாமானுக்கெல்லாம் இப்பதான் பில்லு போடுவியா?” என்றார் பால்காரர்.

“உங்க பால் ஒண்ணும் ஓடிடாது சார்.” சொல்லிக்கொண்டே கவரை நடுவில் கிழித்தாள். இரண்டு ஸ்டிக்கரும் கிழிந்த பிளாஸ்டிக்கோடு குப்பைக் கூடைக்குள் போயின. உள்ளே போகும்போதும் அவை எது பெரிசு என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

வேர்த்து ஒடுங்கிக் கிடந்த கொத்தின் மேல் காற்றுப் பட்டது. ஒரு கை அதைத் தூக்கியது. ஈரமில்லாத கை, பில் காகிதத்தின் மை படிந்த கை. ஆனாலும் கை.

“பையை விரிங்கக்கா.”

தெய்வானை தயங்கித் தயங்கி விரித்தாள். சகாயராணி கொத்தை அதற்குள் எறிந்தாள்.

“வாங்கின ஒரு கிலோ பருப்புக்கு இதுக்கு மேல கட்டாது. அடுத்த தடவை ரெண்டு கிலோவா வாங்குங்க, பாக்கலாம்.”

தெய்வானை அவளை நிமிர்ந்து பார்த்தாள். அவள் நாக்கில் எத்தனையோ மாதமாகப் பேசாமல் கிடந்த ஏதோ ஒன்று புரண்டு எழுந்தது.

“ஒரே கொத்தா? இந்த வயசுலயே இவ்வளவு சின்னக் கையா பாப்பா உனக்கு? உன்னைக் கட்டிக்கிட்டவன் பாவம்!”

“அவரு மூணு வேளையும் நல்லாத்தான் சாப்பிடறாரு. நீங்க கவலைப்படாதீங்க.”

“நல்லா சாப்பிடறவருக்கு இன்னொரு கொத்து எதுக்கு? இங்க போடு.”

“ஆமா, எங்க மாமனாரு தோட்டத்துலேருந்து வருதாக்கும்!” என்றபடி இன்னொரு சிறு கொத்தையும் எறிந்தாள். பால்காரர் வாயைத் திறந்தார். எதற்காகத் திறந்தார் என்று மறந்து மூடிக்கொண்டார்.

“டேய்!” என்று கூடைக்குள்ளிருந்து கிண்ணம் கூவியது. “உனக்காகச் சண்டை போட்டாங்கடா!”

கொத்து பைக்குள் புளிக்கும் பருப்புக்கும் மேலே விழுந்து கிடந்தது. பை ஆடியது. வாசலை நோக்கி நடந்துகொண்டிருந்தார்கள். அடுப்பு எவ்வளவு தூரத்தில் இருக்கும்?

“நீ பில்லுல எத்தனாவது?” என்று கீழேயிருந்து துவரம்பருப்பு கேட்டது. “நான் முதல்ல. புளி ரெண்டாவது.”

“நான் பில்லுல இல்ல.”

பருப்பு பதறிப்போனது. “இல்லையா? அடப்பாவி! வாசல்ல மாணிக்கம் நிக்கறாரு. பையையும் பில்லையும் ஒத்துப் பாத்துதான் முத்திரை குத்துவாரு. அவர் கண்ணுக்கு ஒரு தீப்பெட்டி தப்பாது.”

மாணிக்கம் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காக்கிச் சட்டையின் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருப்பார். பில்லைக் கண்ணுக்குத் தள்ளிப் பிடித்து, பையில் இருப்பதை ஒவ்வொன்றாகப் பேனாவால் தொட்டுத் தொட்டுச் சரிபார்ப்பார். தெரிந்தவர், தெரியாதவர் என்ற வித்தியாசமே அவரிடம் கிடையாது.

பேனா கொத்தின் மேல் வந்து நின்றது.

“என்னம்மா இது? பில்லுல கருவேப்பிலை இல்லையே?”

அவர் சாதாரணமாகப் பேசினாலே மில் மெஷினை மிஞ்சித்தான் பேசுவார். உள்ளே வந்துகொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வெளியே போக நின்றவர்களும் பார்த்தார்கள். ஒரு பெண் தன் தோழியின் காதில் ஏதோ சொன்னாள்.

தெய்வானை பில் போடும் இடத்தைத் திரும்பிப் பார்த்தாள். “அது… அந்தப் பொண்ணு…”

“எந்தப் பொண்ணு? பில்லுல இல்லாம வெளிய போகக் கூடாதும்மா. எனக்குச் சொன்னது அதுதான்.”

கொத்து குன்றிப்போனது. விலையோடு இருந்தபோது தன்னை யாருக்கும் வேண்டாம். விலை இல்லாமல் போன பிறகு, வேண்டும் என்று கேட்ட ஒருத்தியைத் தானே திருடி ஆக்கிவிட்டது. காலம் மாறிவிட்டது தெரியாமல் இரண்டு பெண்களின் பழைய விளையாட்டுக்கு நடுவே போய் விழுந்துவிட்டோமோ? புளிக்கு அடியில் புதைந்துகொள்ள முடியுமா என்று பார்த்தது. இதற்குப் பேசாமல் அந்தப் பச்சைக் கூடைக்கே போயிருக்கலாம்.

தெய்வானையின் கை பைக்குள் வந்தது. சிறு கொத்தோடு சேர்த்துக் கொத்தின் காம்பைப் பிடித்து வெளியே எடுத்தது.

“இந்தாங்கண்ணே, நீங்களே வச்சுக்கங்க. எனக்கு வேண்டாம். ஒரு கொத்து கருவேப்பிலைக்காக…” கொத்தை அவரிடம் நீட்டினாள்.

வேண்டாம். அவள் வாயாலேயே அந்தச் சொல்லைக் கொத்து கேட்டுவிட்டது.

“அண்ணே!” என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. சகாயராணி எழுந்து நின்றிருந்தாள். “அவங்கள விடுங்க. அது நான் குடுத்தது. என் காசுல வாங்கி நான் குடுத்தது. பில்லு என்கிட்ட இருக்கு.”

“நீ வாங்கினத எதுக்கு அவங்ககிட்டக் குடுக்கற?” மாணிக்கமும் இங்கிருந்தே கத்தினார்.

“கொசுறு!”

பிஸ்கட், சோப்பு, பக்கெட் அலமாரிகளை எல்லாம் தாண்டி அந்தச் சொல் வாசல்வரை வந்தது. கடையில் இருந்த பொருள்களில் பாதிக்கு அதன் அர்த்தம் தெரியவில்லை. மனிதர்களில் பாதிப் பேர் தங்களை அறியாமல் தங்கள் பையைப் பார்த்துக்கொண்டார்கள்.

“கொசுறா?” என்றார் மாணிக்கம். கத்தவில்லை. தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார்.

பில்லை மறுபடி மேலிருந்து கீழ்வரை பார்த்தார். அதில் இல்லாததற்கு என்ன செய்வது என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தெய்வானையின் கையிலிருந்து கொத்தை வாங்கினார். ஒரு கணம் மூக்கருகே கொண்டுபோனார். பிறகு அதை மெல்ல அவள் பைக்குள், எல்லாவற்றுக்கும் மேலாக, நசுங்காதபடி வைத்தார். பில்லில் ஓங்கி முத்திரை குத்தித் திருப்பிக் கொடுத்தார்.

தெய்வானை நகரப் போனாள். அவர் கையை நீட்டித் தடுத்தார்.

பையின் வாயை ஒரு விரலால் விலக்கி, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு உள்ளே கவனமாகத் தேடினார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். அவர் முகம் சரியில்லை. நிமிர்ந்து, கடை முழுக்கக் கேட்கும்படி உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

“ஏம்மா சகாயராணி! கருவேப்பிலை மட்டும் போட்டா எப்படி? கொத்தமல்லி எங்கே?”